எதிர்பார்ப்பை நெருங்கிய கையெழுத்து

அந்த ஆண்டு சிறப்பு வடிவியல் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியது மார்னி அல்ல. ட்ராய் கெஸ்லர். நாலுக்கு இரண்டு.

மார்னிதான் மாணவி. வயது பதினைந்து. ட்ராய் மருந்துக்கடையில் மருந்தாளன். அவளுடைய அம்மா ஆட்ரியைக் கல்யாணம் செய்துகொண்டவன். ஆட்ரி போன வசந்தத்தில் மளிகைக்கடை வாசலில், கைப்பைக்குள் கார் சாவியைத் தேடிக்கொண்டே விழுந்தாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் என்றார்கள். அதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வீட்டில் மிச்சம் இருந்தது ட்ராயும் மார்னியும், தேவாலயத்துக்காரர்கள் கொண்டுவந்து உறைபெட்டியில் அடுக்கிவிட்டுப் போன கேசரோல் என்கிற சுட்ட கலவைச் சாப்பாட்டுத் தட்டுகளும்.

ஓஹையோ மாநிலத்தின் ஹார்லன் க்ரீக் உயர்நிலைப் பள்ளியில் எந்தப் பாடத்துக்கும் முதல் வீட்டுப்பாடம் பெற்றோர் கையெழுத்துதான். ஆசிரியர் என்னென்ன எதிர்பார்க்கிறார், எதற்கு என்ன மதிப்பெண் என்று ஒரு தாள் வரும். படித்துப் பார்த்தோம் என்று பெற்றோர் கையெழுத்துப் போட்டால் பிள்ளைக்கு மதிப்பெண். மற்ற வகுப்புகளில் அது சும்மா வருகிற மதிப்பெண். சிறப்பு வடிவியலில் சும்மா எதுவும் வராது.

அந்த வகுப்பின் எதிர்பார்ப்புத் தாள் தடியாக இருந்தது. அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று விளக்கும் மெல்லிய தாள் ஒன்று தனியாக வந்தது. ஒன்று என்றால் மாணவர் எதிர்பார்ப்பு இருக்கும் திசையைப் பார்க்கிறார். இரண்டு என்றால் நெருங்குகிறார். மூன்று என்றால் பூர்த்தி செய்கிறார். நாலு என்றால் மிஞ்சுகிறார். கால்பருவ முடிவில் சராசரி மூன்றுக்குக் கீழே போனால் சாதா வடிவியல்.

கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்திகள். இடது பக்கம் கூற்று, வலது பக்கம் காரணம். மேலே தடித்த எழுத்தில் இப்படி இருந்தது: 'வடிவியலில் காரணம் இல்லாத கூற்று கூற்றே அல்ல. பெற்றோரும் இதற்கு விலக்கல்ல.' கூற்றுப் பத்தியில், 'நான் இந்த மாணவரின்' என்று தொடங்கிப் புள்ளிகள் வைத்திருந்தார்கள்.

ட்ராய் 'அம்மாவின் கணவர்' என்று எழுதினான். காரணப் பத்தியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு அதைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டான்.

தாள் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. 'கையெழுத்து: தெளிவு. உறவு: காரணம் காட்டப்படவில்லை. எதிர்பார்ப்பை நெருங்குகிறார். 2.'

"என்னது இது?"

"உன் மார்க்," என்றாள் மார்னி. "என் கணக்குல சேரும்."

"என் கையெழுத்துக்கு உன் கணக்குலயா?"

"பெத்தவங்கதான் பிள்ளையோட அடித்தளமாம். பக்கம் ஆறு."

"விடு. மத்ததுல நாலு நாலா வாங்கித் தள்ளிடு. சரியாப்போயிடும்."

மார்னி அவனை நிமிர்ந்து பார்த்தாள். படிக்காமல் கையெழுத்துப் போட்டவனைப் பார்க்கிற பார்வை.

"நாலெல்லாம் யாருக்கும் விழாது, ட்ராய். மெல்லிசுத் தாளையாவது படிச்சிருக்கலாம் நீ."

அவள் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். கல்யாணத்தன்று ஆட்ரி, "உனக்கு எப்படி வருதோ அப்படிக் கூப்பிடு," என்று சொல்லியிருந்தாள். அவளுக்கு ட்ராய் என்று வந்தது.

ஆட்ரி போன பிறகு மார்னி பேசுவது குறைந்துவிட்டது. அம்மாவின் சாம்பல் நிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, நீண்டு தொங்கும் கையை விரல்களுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கேட்டதற்குத் தலையாட்டுவாள். பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்றால் தலையாட்டல். சாப்பிட்டாயா என்றால் தலையாட்டல். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் வாய் திறப்பாள். ட்ராய் அதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தான்.

"இன்னைக்கு என்ன முக்கோணம்?"

உடனே பென்சிலை எடுத்துக்கொண்டு சமையலறை மேஜைக்கு வந்துவிடுவாள். வட்டம், இணைகோடு, சர்வசமம். அவனுக்குப் பாதி புரியாது. அவள் குரல் கேட்கும். அது போதுமாக இருந்தது. அந்த வகுப்புக்கான நுழைவுத் தேர்வுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனது ஆட்ரி. தேர்வு முடியும்வரை காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். வகுப்பு போனால் வீட்டில் இருக்கிற பேச்சும் போய்விடும் என்று ட்ராய்க்குத் தோன்றியது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

"இந்த ரெண்டு பக்கமும் சமம்," என்று ஒரு நாள் மாலை அவள் கோடு போட்டுக் காட்டினாள்.

"ஏன் சமம்?"

"கொடுக்கப்பட்டது."

"யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல. கணக்கு ஆரம்பிக்கும்போதே அது அப்படித்தான் இருக்கும். அதுக்கெல்லாம் காரணம் கேக்கக்கூடாது, ட்ராய். அதை வச்சுக்கிட்டு மேல போகணும்."

"போக முடியலன்னா?"

"அப்ப கணக்கு அங்கயே நிக்கும்."

ட்ராய் அடுப்பிலிருந்த கேசரோலைத் திருப்பி வைத்தான். அடி பிடித்திருந்தது.

முதல் நிரூபணத் தேர்வில் மார்னிக்கு மூன்று விழுந்தது. தாளில் ஒரு திருத்தம்கூட இல்லை. எல்லா வரிக்கும் பக்கத்தில் சரி என்று குறி. அடுத்த தேர்விலும் மூன்று. அதற்கடுத்ததிலும் மூன்று. மூன்றாக வாங்கிக் குவித்தாலும் ட்ராயின் இரண்டு உள்ளே கிடந்தது. சராசரி மூன்றை எட்டிப் பார்த்ததே தவிரத் தொடவில்லை.

அவன் கடையில் ஒரு மதியம் விடுப்பு சொல்லிவிட்டு ஆசிரியையைப் பார்க்கப் போனான். திருமதி ப்ரூவிட் மெலிந்த பெண்மணி. கழுத்தில் அடையாள அட்டை, விரல் நுனிகளில் நீல மை. அவரும் அவனும் மாணவர்கள் உட்காரும், மேஜையோடு ஒட்டிய நாற்காலிகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள்.

"மார்னி அருமையான பொண்ணு," என்றார் ப்ரூவிட். "அவ போட்டதுல ஒரு தப்புகூட நான் இதுவரைக்கும் பாத்ததில்ல."

"அப்புறம் ஏங்க மூணு?"

"தப்பே இல்லையே. அதனாலதான்."

ட்ராய் காத்திருந்தான். இன்னும் ஏதாவது வரும் என்று நினைத்தான்.

"அவ சரியா போடுவான்னு நாங்க எதிர்பார்த்தோம்," என்றார் ப்ரூவிட் மெதுவாக, கையில் இல்லாத ஒரு தாளைப் பார்த்துப் படிப்பவர் போல. "சரியா போட்டா. எதிர்பார்ப்பு பூர்த்தி. மூணு. நாலு வேணும்னா நாங்க எதிர்பார்க்காத ஒண்ணைச் செய்யணும்."

"வடிவியல்ல எதிர்பார்க்காததுன்னா தப்புதானேங்க?"

ப்ரூவிட் கதவைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மிஸ்டர் கெஸ்லர், எங்களுக்கும் வருஷா வருஷம் மார்க் போடறாங்க. எனக்கும் மூணுதான். சேர்ந்த நாள்லேர்ந்து மூணுதான். ஒரு வருஷம் நாலு வரும்னு நினைச்சேன். அந்த வருஷம் என் வீட்டுக்காரருக்கு அறுவை சிகிச்சை. அப்பவும் ஒரு நாள் லீவு போடாம வந்தேன். 'நீங்க இப்படித்தான் வருவீங்கன்னு எதிர்பார்த்தோம்'னு எழுதிட்டாங்க."

அவன் எழுந்தபோது அவரும் எழுந்தார். கதவுவரை வந்து, "கேக் மாதிரி ஏதாவது யோசிச்சுப் பாருங்க," என்றார்.

கேக் விஷயம் ட்ராய்க்குத் தெரியாது. மார்னிதான் சொன்னாள். ப்ரிஸ்கட் வீட்டுப் பையன் ஒருவன் இருசமபக்க முக்கோண நிரூபணத்தோடு இருசமபக்க முக்கோண வடிவில் ஒரு கேக்கும் கொண்டுவந்தான். அவன் அம்மா செய்தது. அடிக்கோணங்களில் கோணத்துக்கு ஒரு செர்ரி. நிரூபணத்தில் இரண்டு வரி தப்பு. நாலு விழுந்தது. அடுத்த வாரம் வகுப்பு முழுக்கக் கேக். எல்லோரும் கொண்டுவருவார்கள் என்று எதிர்பார்த்தபடியால் எல்லோருக்கும் மூன்று. அதற்கடுத்த வாரம் கூரை போடும் ஒப்பந்தக்காரர் ஒருவர், தன் மகளின் செங்கோண முக்கோணத்துக்குத் துணையாக, கால்பந்து மைதான ஓரத்தில் செங்கோணக் கூரையோடு ஒரு நிழற்குடையே கட்டிக்கொடுத்தார். நாலு. கேக் இல்லாமல் வெறும் நிரூபணத்தோடு வந்த மார்னிக்குப் புதிதாக ஒன்று போட்டார்கள்: 'கவலையுடன் கூடிய மூன்று.'

"நாமளும் கேக் பண்ணலாமா?" என்று கேட்டான் ட்ராய்.

"உனக்குக் கேக் பண்ணத் தெரியாதே."

"டப்பால எழுதியிருக்கும். அளந்து போட வேண்டியதுதானே. அதானே என் வேலை."

அளந்து போட்டான். கேக் நடுவில் அமுங்கி, எந்த முக்கோணத்திலும் சேராத ஒரு வடிவத்தில் வெளியே வந்தது. மார்னி தட்டிலிருந்தே முள்கரண்டியால் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள்.

"இதைக் கொண்டுபோனா ஒண்ணு போடுவாங்க," என்றாள். இன்னொரு வாய் எடுத்தாள். "கேசரோலுக்கு இது எவ்வளவோ தேவலாம்."

கடையில் கல்லாவில் உட்காருகிற க்ளெண்டாவுக்கு எல்லோரும் கண்ணுதான். கோடீஸ்வரனும் கண்ணு, திருடனும் கண்ணு. அவளிடம் ட்ராய் இதைச் சொன்னபோது மாத்திரைப் புட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அப்போ நீயும் மிஞ்சு, கண்ணு. டாக்டர் ஒரு மாத்திரைன்னு எழுதினா நீ ஒன்பதா குடு. ஆளு எதிர்பார்க்காத இடத்துக்கே போய்ச் சேர்ந்துடுவான்."

"கையெழுத்து ரெண்டாப் போச்சு, க்ளெண்டா. அதான் அவளைக் கீழ இழுக்குது."

க்ளெண்டா சிரிப்பதை நிறுத்தினாள்.

"உன் கையெழுத்தா? அதை நேர்பண்ணிக் குடுத்தா முடிஞ்சது. போய்க் கேளேன். நீ என்ன அடுத்த வீட்டுக்காரனா?"

மதிப்பெண் விவகாரம் எல்லாம் டாக்டர் ஹான்ஸ்ட்ரம் கையில் இருந்தது. எதிர்பார்ப்புகளுக்கான துணை முதல்வர். அவர் அறைச் சுவரில், கைகுலுக்கும் படங்களுக்கு நடுவே, சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரம். ட்ராய் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது அவர் உள்ளே வந்தார்.

"அது உங்களாலதான் கிடைச்சது, மிஸ்டர் கெஸ்லர்," என்று இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "மிஸஸ் கெஸ்லர் தவறினப்போ நாங்க காட்டின அனுதாபத்துக்கு மாவட்டக் கல்வி அலுவலகம் எங்களுக்கு நாலு குடுத்தது. பள்ளிக்கூடத்தோட முதல் நாலு. பூங்கொத்து, கார்டு, மௌன அஞ்சலி எல்லாம் எதிர்பார்த்ததுதான். நாங்க கொடியையும் அரைக்கம்பத்துக்கு இறக்கினோம். அதை யாரும் எதிர்பார்க்கல."

"நன்றிங்க," என்றான் ட்ராய். "கையெழுத்து விஷயமா வந்தேன். காரணத்தை விட்டுட்டேன். இப்ப எழுதிக் குடுத்துடறேன்."

"தாராளமா. ஆதாரம் இருக்கா?"

ட்ராய் திருமணச் சான்றிதழை எடுத்து வைத்தான். ஹான்ஸ்ட்ரம் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல நீங்க ஆட்ரிக்குக் கணவர்னு இருக்கு."

"ஆமா."

"ஆட்ரி மார்னிக்கு அம்மா. அதுல எங்களுக்குச் சந்தேகமே இல்ல." ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, மூன்று புள்ளிகள் வைத்துக் கோடு போட்டார். "அ, ஆவோட சேர்ந்தது. ஆ, இயோட சேர்ந்தது. ஆகவே அ, இயோட சேர்ந்தது. கடப்பு விதி. அழகான விதி. பசங்களுக்கு நான் அதை ரொம்ப விரும்பிச் சொல்லித்தருவேன்."

"அப்போ சரிதானே?"

"நடுவுல ஆ இருக்கிறவரைக்கும் சரி." ஹான்ஸ்ட்ரம் பென்சிலைத் திருப்பி, நடுப் புள்ளியை அழிப்பான் முனையால் மெதுவாகத் தேய்த்தார். "நான் கல்நெஞ்சக்காரன் இல்ல, மிஸ்டர் கெஸ்லர். கொடியை இறக்கினதே நான்தான். ஆனா இது சிறப்பு வடிவியல். நீங்க 'கணவர்'னு நிகழ்காலத்துல எழுதியிருக்கீங்க. மொழிப்பாடத்துல விட்டுடுவாங்க. இங்க அது கூற்று."

ட்ராய் அந்தத் தாளைப் பார்த்தான். இரண்டு பக்கமும் இரண்டு புள்ளிகள். நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு தடம்.

"அவ வேற வகுப்புக்குப் போயிடுவாளா?"

"சாதா வடிவியல்ல என்ன குறை? கால்பந்து கோச்சுதான் வாத்தியார், நல்ல மனுஷன். நல்ல ஜன்னல். ஒண்ணே ஒண்ணுதான், அங்க சரியான பதிலுக்கே முழு மார்க் குடுத்துடறாங்க. பசங்களுக்கு அதுக்கு மேல ஒரு கனவே இல்லாமப் போயிடுது. எனக்கு அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு." நாற்காலியில் சாய்ந்தார். "வேற ஒரு வழி இருக்கு. மறுபார்வைக் கூட்டம். உங்க உறவை மார்னியே பலகையில நிரூபிக்கட்டும். கணக்குச் சரியா வந்தா உங்க கையெழுத்து மூணு. அவளும் வகுப்புல இருப்பா."

"அவளையா? என்னைப் பத்தியா?"

"தனிப்பட்ட விஷயமா எடுத்துக்காதீங்க. ரெண்டு பத்தி, அவ்வளவுதான்."

வீட்டுக்குப் போகும் வழியில் அதை எப்படிச் சொல்வது என்று யோசித்தான். ஒரு வழியும் சரியாக இல்லை. கடைசியில் நடந்ததை நடந்தபடி சொன்னான். புள்ளியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

மார்னி ஸ்வெட்டர் கையை விரல்மேல் இழுத்துக்கொண்டாள்.

"நீ வேண்டாம்னா போக வேண்டாம்," என்றான். "உங்க அம்மா உன்னை அந்த வகுப்புல பாக்கணும்னு நினைச்சா. எனக்கும் அதுதான் ஆசை. ஆனா இதுக்காக இல்ல."

"நிரூபிக்க முடியலன்னா?"

"முடியலன்னா முடியல."

"எதை வச்சு நிரூபிக்கிறது?" அவள் கோபமாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. "உன்கிட்ட ஏதாவது இருக்கா?"

அவன் யோசித்தான். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறான். கேக் சுட்டான். என்ன முக்கோணம் என்று கேட்கிறான். அதெல்லாம் காரணப் பத்தியில் எழுதுகிற மாதிரி இல்லை. இந்த வீட்டில் தான் எதன்பேரில் இருக்கிறோம் என்று அவனுக்கும் சமயத்தில் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தை அவள் முகத்தில் பார்க்க நேருமோ என்றுதான் இத்தனை நாளும் பயந்திருந்தான்.

"இல்ல," என்றான்.

மார்னி தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அன்று அவன் முக்கோணம் பற்றிக் கேட்கவில்லை.

மறுபார்வைக் கூட்டம் நூலகத்தில் நடந்தது. நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ஹான்ஸ்ட்ரம். ஒரு பக்கம் ப்ரூவிட். மறுபக்கம் பெற்றோர் பிரதிநிதியாகத் திருமதி ப்ரிஸ்கட், செர்ரி வைத்தவர். மேஜைமேல் ஒரு கேக் இருந்தது. அது நீள்சதுரமாக இருந்ததால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ட்ராயைச் சுவரோரம் உட்காரவைத்தார்கள். நிரூபிக்கப்பட வேண்டிய பொருள் நிரூபணத்தில் பேசக்கூடாது என்று சொன்னார்கள்.

ஹான்ஸ்ட்ரம் எழுந்து பேசினார்.

"நாங்க இங்க ஒரு பொண்ணைச் சோதிக்க வரல. அவமேல எங்களுக்கு எவ்வளவு எதிர்பார்ப்பு இருக்குன்னு காட்ட வந்திருக்கோம். இந்தப் பள்ளிக்கூடத்துல எந்தப் பிள்ளையையும் நாங்க இருக்கிறபடியே விட்டுடறதில்ல. மார்னி, உனக்கு எந்த அவசரமும் இல்ல. அடுத்த கூட்டம் ஆரம்பிக்கிறவரைக்கும் நேரம் எடுத்துக்கோ."

"ஒரு கேள்வி," என்றார் ப்ரிஸ்கட். தணிவாகத்தான் கேட்டார். "அவரு உனக்குச் சமைச்சுப் போடறாரா, செல்லம்? எழுதும்போது அதைச் சேத்துக்கோ. எங்களுக்கு மனசு இளகும்."

"இளகினா நாலா?" என்று கேட்டாள் மார்னி.

"இளகுவோம்னு எதிர்பார்க்கிறதால மூணுதான் வரும்," என்றார் ப்ரூவிட். பாவம், அவர் உண்மையைச் சொன்னார்.

மார்னி வெள்ளைப் பலகைக்குப் போனாள். நீல மார்க்கரின் மூடியைக் கடித்துத் திறந்தாள். நடுவில் நேராக ஒரு கோடு இழுத்தாள். அளவுகோல் இல்லாமலே நேராக வந்தது. ட்ராய் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.

பலகையில் மார்க்கர் கிறீச்சிட்டது. அதிக நேரம் எடுக்கவில்லை. நின்றது. அவன் தலையைத் தூக்கினான்.

இரண்டு பத்திகளும் காலியாக இருந்தன. அவள் அவற்றுக்கு மேலே எழுதியிருந்தாள். நிரூபணம் ஆரம்பிப்பதற்கு முன்னால் எழுதுகிற இடத்தில்.

கொடுக்கப்பட்டது: ட்ராய்.

நிரூபிக்க வேண்டியது: ஒன்றுமில்லை.

ப்ரூவிட்டின் கை வாய்க்குப் போனது. ப்ரிஸ்கட் ஹான்ஸ்ட்ரமைப் பார்த்தார். ஹான்ஸ்ட்ரம் பலகையைப் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்து, பிறகு மலர்ந்தது.

"இதை நான் எதிர்பார்க்கல," என்றார்.

மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். "இதை நாங்க யாருமே எதிர்பார்க்கல! நாலு. சந்தேகமே இல்லாத நாலு. மார்னி, நீ வகுப்புல இருக்கே. கையெழுத்தும் நாலு. ப்ரூவிட், பாத்தீங்களா? இதுதான் நான் இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருந்தது!" கைபேசியை எடுத்தார். "இதைப் படம் எடுத்து வாசல் கூடத்துல பெரிசா மாட்டறோம். மாவட்டத்துக்கு அனுப்பறோம். அடுத்த வருஷம் எல்லாப் பெற்றோர் தாள்லயும் இதுதான் மாதிரி. எல்லாப் பிள்ளைங்களும் இப்படி எழுதணும்னு எதிர்பார்ப்போம். கொஞ்சம் தள்ளி நில்லும்மா, உன் நிழல் விழுது. மிஸ்டர் கெஸ்லர், நீங்களும் பலகைப் பக்கம் வாங்க. சோகமா இல்லாம, கொஞ்சம் நிறைவா பாருங்க."

ட்ராய் எழுந்தான். அவள் வகுப்பில் இருக்கிறாள். அது அவன் காதில் விழுந்திருந்தது. ஒரு படம்தானே.

மார்னி பலகைக்கும் கைபேசிக்கும் நடுவே நின்றாள். தள்ளவில்லை. விரலுக்கு மேல் தொங்கிய ஸ்வெட்டர் கையை உள்ளங்கையில் சுருட்டிப் பிடித்து, மேலிருந்து ஒரு இழுப்பு, கீழே ஒரு இழுப்பு. பெயர் போனது. மற்றது போனது. நீலப் புகை மாதிரி ஒரு பூச்சு மட்டும் மிச்சம் இருந்தது. நடுக்கோடும் இரண்டு பத்திகளும் அப்படியே நின்றன.

"என்ன பண்றே நீ!" ஹான்ஸ்ட்ரம் கைபேசியைத் தூக்கிய கையோடு நின்றார். "திரும்ப எழுது. அதே மாதிரி."

"மாட்டேன்."

"மார்னி, நல்லா யோசி. நாங்க மூணு பேரும் பாத்தோம்ங்கிறது ஆதாரம் ஆகாது. பலகையில இல்லாததுக்கு நான் நாலு போட முடியாது. ஒண்ணுகூடப் போட முடியாது. கையெழுத்து ரெண்டாவே நிக்கும். புரியுதா? நாளையிலேர்ந்து சாதா வகுப்பு."

"புரியுது."

"நான் எதையும் பாக்கலன்னு சொல்ல மாட்டேன்," என்றார் ப்ரூவிட் திடீரென்று. ஹான்ஸ்ட்ரம் திரும்பினார். "நான் பாத்தேன். சரியா இருந்தது."

"சரியா இருக்கும்னு எதிர்பார்த்தோமே, ப்ரூவிட்," என்றார் ஹான்ஸ்ட்ரம் களைப்போடு. கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

போகும்போது அலுவலகத்தில் மார்னியிடம் ஒரு தாள் கொடுத்தார்கள். சாதா வடிவியலுக்கு ஒரே ஒரு பக்கம்தான்.

வெளியே மழை பிடித்திருந்தது. காருக்குள் ஏறி உட்கார்ந்த பிறகும் ட்ராய் சாவியைத் திருகவில்லை. கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது.

"ஏன் அழிச்ச?"

"அது அவங்களுக்கு எழுதினது இல்ல."

"வகுப்பு போச்சே, மார்னி. உங்க அம்மா..."

"அம்மா இருந்தா அந்த ஆளு கைபேசியைப் பிடுங்கித் தூக்கிப் போட்டிருப்பா," என்றாள். அம்மா என்ற சொல்லை அவள் இத்தனை மாதத்தில் அவனிடம் சொன்னதில்லை.

அவள் மடியில் கிடந்த ஸ்வெட்டர் கையின் ஓரம் நீலமாகியிருந்தது. ஆட்ரியின் ஸ்வெட்டர். அதை அவள் ஒருமுறைகூடத் துவைக்கப் போட்டதில்லை.

"ஸ்பிரிட் வச்சுத் துடைச்சா போயிடும்," என்றான். "கடையில இருக்கு."

"தெரியும்." கையை மடித்து நீலத்தை உள்ளே வைத்துக்கொண்டாள். "இருக்கட்டும்."

சாவியைத் திருகினான். துடைப்பான்கள் ஒருமுறை போய் வந்தன.

"அந்த வகுப்புலயும் முக்கோணம் உண்டா?"

"அதே முக்கோணம்தான். சரியா போட்டா சரின்னு போடுவாங்க." பையிலிருந்து புதுத் தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினாள். "நாளைக்குக் காலையில குடுக்கணும். இப்பவே போட்டுடு. இந்தத் தடவை படிச்சுட்டுப் போடு."

ட்ராய் தாளை ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டான். ஒரு பக்கம். வகுப்புக்குப் பென்சில் கொண்டுவரவும். பேசும்போது கைதூக்கவும். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம்: 'மாணவருக்கு என்ன உறவு?' காரணம் எழுத இடமே இல்லை.

கட்டத்தை அவள் ஏற்கெனவே நிரப்பியிருந்தாள், பென்சிலால், நேரான எழுத்தில்.

'ட்ராய்.'

அவன் படித்தான். பிறகு கையெழுத்துப் போட்டான்.